குண்டனை எடுத்துப் போ, கீச்சான் கரையில் இருக்கட்டும்

சேகரு,

நீ கப்பல் டிக்கெட் விஷயமாகப் பட்டணம் போயிருக்கிறாய். உங்கம்மா கடைக்குப் போயிருக்கிறாள். போகும்போது கதவை அடித்துச் சாத்தினாள், அந்தச் சத்தம் எனக்காகத்தான். வீட்டில் இப்போது நானும் இரண்டு பெட்டிகளும் மட்டும். நேரில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நியாயம் சொல்ல வருவார். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. ஒற்று, சந்தியெல்லாம் முன்னே பின்னே இருக்கும், உன் காலேஜ் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு படி. படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் சினிமா போஸ்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. மைக் செட் மாமா என்றால் தெரியாதவன் இந்த ஜங்ஷனில் இறங்குகிறவனாகத்தான் இருப்பான், ஏறுகிறவனாக இருக்க முடியாது.

விஷயம் ஒன்றுதான். பினாங்கில் ஓட்டல் வாத்தியக் குழுவில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிந்தசைசர் பெட்டியோடு வா என்று எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது இரண்டு, குண்டனும் கீச்சானும். நீ கீச்சானைக் கேட்டாய். தூக்க லேசு, உப்புக்காற்றிலும் சுருதி நிற்கும் என்றாய். நியாயமான பேச்சு. நான் முடியாது என்றேன், குண்டனை எடுத்துப் போ என்றேன். ஏன் என்றாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து நாம் பேசவில்லை. உங்கம்மா சோறு போடும்போது தட்டிடம் பேசுகிறாள். "பெத்த புள்ளயவிட பொட்டி பெருசா பூட்ச்சி இந்த வூட்ல" என்று ரசத்தைப் பார்த்துச் சொல்கிறாள். காரணத்தை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணம் இதுதான்: எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை நான் எழுதிப் பார்ப்பது இதுவே முதல் தடவை. கொளவாய் ஏரி தளும்பிய மழையில் அறுந்து விழுந்த கரண்ட் கம்பியைக் கையால் தூக்கி ஓரம் போட்டவன் நான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பியில் அப்போது கரண்ட் இல்லை என்பது உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

கீச்சான் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். பர்மா பஜாரில் ஒரு சேட்டு, ஜப்பான் கப்பல்காரன் இறக்கியது என்று காட்டினான். எலெக்ட்ரிக் ஆர்மோனியம் என்றான். நான் உடனே தலையாட்டினேன், ஏதோ பத்து ஆர்மோனியத்தைக் கரண்டில் ஓட்டியவன் மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்து, சூடம் காட்டி, ஆர்மோனியத்தில் வைக்கிறமாதிரி மூன்று விரலை அகலமாக வைத்தேன். ஒரு சத்தம் மட்டும் வந்தது. மற்ற இரண்டு கட்டையும் ஊமை. சேட்டு ஏமாற்றிவிட்டான் என்று திருப்புளியை எடுத்து அடிப்பலகையைக் கழற்றிவிட்டேன். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மறுபடி மூட்டி, பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். "மூணு கட்டய அமுத்துனா ரெண்டு பேச மாட்டேங்குதுய்யா, செத்த கட்டய என் தலைல கட்டிட்ட" என்றேன். அவன் சிரித்து, "அண்ணே, இதுக்கு ஒரு வாயிதான். ஒரு நேரத்துல ஒண்ணுதான் பேசும். ஜாதியே அப்டி" என்றான். ஊருக்குத் திரும்பி வந்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், சேட்டுக்குத் தெரியுமா என்று சோதிக்கத்தான் போனேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நீ மட்டும் கதவோரம் நின்று சிரித்தாய்.

குண்டன் வந்தது மாமல்லபுரத்திலிருந்து. கல் தச்சர்கள் பட்டறைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தானே ஒரு வெள்ளைக்காரன், தாடிக்குள் முகம் இருந்தவன், அவனுடைய பெட்டி. உளிச் சத்தத்தைக் கேட்டு அதே மாதிரி பெட்டியில் செய்வேன் என்று உட்கார்ந்திருந்தான். உப்புக்காற்றில் பெட்டி வாயடைத்துப் போக, யாரோ என்னைச் சொல்லி அனுப்பினார்கள். திறந்து பார்த்தேன். ஈயப் பற்று ஒன்று வெடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அரைநாள் உள்ளே உட்கார்ந்தேன், வேலைக்கு ஒரு மரியாதை வேண்டுமே. அவன் ஊர் திரும்பும்போது அதை எனக்கே கொடுத்துவிட்டான். "இந்தியாவிலேயே இதைத் தொடத் தகுதியான கை உன்னுடையதுதான்" என்று கண்ணீர் விட்டான் என்று நான் சொல்வேன். "தூக்கிகினு போவ முடியலன்னு வுட்டுட்டுப் போனான்" என்று உங்கம்மா சொல்வாள். இரண்டும் சரியாகத்தான் இருக்கும். பட்டணத்துக்குத் தெற்கே முதல் சிந்தசைசர் நம்முடையதுதான் என்று சொல்லி வந்திருக்கிறேன். எதிரே இருக்கிறவன் முகத்தைப் பார்த்து, திண்டிவனம் வரைக்கும் என்பேன், திருச்சி வரைக்கும் என்பேன். நம்புகிற முகமாக இருந்தால் கன்னியாகுமரி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீதான் வாசிக்கிறவன். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்கிறவன். நம் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி நிற்கும்போது டீசல் என்ஜின் சும்மா உறுமுமே, பிளாட்பாரத்தில் நிற்கிறவன் வயிற்றுக்குள் அது ஓடுமே, அதுதான் குண்டன். வாசித்தால் ஆள் உட்கார்ந்த பெஞ்சு பாடும். திருகை மூடினால் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறமாதிரி இருக்கும், மெல்லத் திறந்தால் விழுங்கிவிட்டு வாயை அகலத் திறக்கும். ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்கு நழுவும்போது அவசரமே படாது, நெய் தட்டில் ஓடுகிற நிதானம். கீச்சான் அப்படி இல்லை. அது கார்டு ஊதுகிற விசில். மெலிசு, கூர்மை, கொஞ்சம் மூக்கால் பேசும். கரையோரத்து ஆட்கள் அதைக் கேட்டதும் கீச்சான் மீன் என்று பெயர் வைத்தார்கள், அந்த மீனும் கையில் பிடித்தால் கத்துமாம். கேட்கச் சுகமில்லை. ஆனால் உறுமுகிற என்ஜினைப் பார்த்து யாரும் வண்டி ஏறுவதில்லை கண்ணு, விசில் கேட்டால்தான் ஓடுகிறான்.

குணத்திலும் வேறு வேறு. குண்டனில் கீழ்க்கட்டை ஒன்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மேல்கட்டையைத் தட்டிப் பார், அது உன்னைச் சட்டையே செய்யாது. கீழே இருப்பவன் பேசுகிற வரைக்கும் மேலே இருப்பவன் பேசக் கூடாது என்பது அதன் சட்டம். கீச்சானுக்கு நேர்மாறு. கீழே ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும், மேல்கட்டையைத் தட்டினால் சட்டென்று மேலே தாவும், விட்டால் பழைய இடத்துக்கே இறங்கி வந்து நிற்கும். தட்டத் தட்ட, தாவித் தாவி இறங்கும். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும். பினாங்கிலும் உன்னிடம் வேலை வாங்குகிறவர்கள் இந்த இரண்டு ஜாதியாகத்தான் இருப்பார்கள். அடங்கிப் பேசுகிறவன் சொல்லைக் கேட்கிறவன் ஒருத்தன், உயர்த்திப் பேசுகிறவனைத்தான் திரும்பிப் பார்ப்பவன் இன்னொருத்தன். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே எவன் எந்த ஜாதி என்று தெரிந்துகொள். தெரியாமல் மூன்று விரலையும் ஒன்றாக வைத்து, பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று திருப்புளியைத் தூக்காதே.

நான் குண்டன் கட்சி, நீ கீச்சான் கட்சி. திருக்கழுக்குன்றத்தில் கச்சேரி வைத்தோமே, மத்தியானம் மலைமேல் கழுகுக்குச் சோறு வைக்கிற நேரத்தில் கீழே தெருவில் நான் குண்டனைத் திறந்துவிட்டேன். அன்றைக்குக் கழுகு ஒன்று நேரே வந்து நம் குழாய் ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்து, பாட்டு முடிகிற வரை கேட்டுவிட்டுத்தான் மேலே சாப்பிடப் போனது. நீ அது காக்கா என்கிறாய். இருந்துவிட்டுப் போகட்டும், கொஞ்சம் பெரிய காக்கா. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நம் சண்டை. குழாயில் குண்டன் எடுபடாது, அடித்தொண்டையெல்லாம் குழாய் தின்றுவிடும், கீச்சானைப் போடு நைனா என்றாய். வாசிக்கத் தெரிந்துவிட்டால் குழாயும் தெரிந்துவிடுமா என்றேன் நான்.

அந்தச் சண்டைதான் எல்லப்பன் வீட்டுக் கல்யாணம் வரை வந்தது. மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் குப்பத்தில், என் பழைய சிநேகிதன் எல்லப்பன், அவன் மகளுக்குக் கல்யாணம். தை மாதம். முதல் நாளே போய்ச் சவுக்குக் கழி நட்டு, குழாய்களைக் கடலைப் பார்த்துக் கட்டினோம், கடலுக்குள் இருக்கிறவனுக்கும் கல்யாணம் என்று தெரியட்டும் என்று. மறுநாள் காலை, எந்தப் பெட்டி போடுவது என்று நாம் இருவரும் பந்தலிலேயே கத்திக்கொண்டிருந்தோம். எல்லப்பன் பல் துலக்கிக்கொண்டே வந்தான்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணு வூட்டு சண்டையா, புள்ள வூட்டு சண்டையா?"

"எது கடல்ல ரொம்ப தூரம் கேக்கும்னு கேக்கறான்டா இவன். எனக்கு வந்து பாடம் சொல்றான்" என்றேன்.

"அட, இதுக்கா பேஜாரு? தம்பி, வா, கட்டுமரத்துல ஏறு. நான் கூட்டிகினு போறேன். நைனா இங்கருந்து மாத்தி மாத்தி வாசிக்கட்டும். எது நல்லா கேக்குதோ, துண்டத் தூக்கிக் காட்டு. சண்ட ஓவரு."

நீ உடனே வேட்டியை மடித்துக் கட்டினாய். உங்கம்மா, "மாப்ள தோழனா நிக்க வேண்டியவன் மரத்துல ஏறிகினு போறான் பாரு" என்றாள். முதலில் வாசிப்பது குண்டன், நீ துண்டை ஒரு தடவை தூக்கினால் குண்டன், இரண்டு தடவை தூக்கினால் கீச்சான் என்று பேச்சு. கட்டுமரம் அலையைத் தாண்டி, உன் வெள்ளைத் துண்டு தோளில் ஆடிக்கொண்டே சிறுத்துப் போனது. நான் ஜெனரேட்டரை உதைத்துக் கிளப்பினேன். குண்டன் சூடேறாமல் பாடமாட்டானே, அதற்காகக் காத்திருந்தேன். காத்திருந்து நிமிர்ந்தபோது நீ இல்லை.

பனி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். யாரோ ஈர வேட்டியைக் கடல்மேல் உதறிப் போட்டமாதிரி இருந்தது. முதலில் வானம் போனது, பிறகு கடல், பிறகு அலை உடைகிற இடம். என் காலடியில் நுரை வந்து போவதை மட்டும் பார்த்தேன். கோயில் பக்கம் கடலுக்குள் பாறைகள் தலையை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுவும் இல்லை. இல்லாமல் போனது பாறை இல்லை, பார்க்கிற கண்தான், மரம் வந்து மோதினால் பாறை அங்கேயேதான் இருக்கும். கூட நின்ற குப்பத்து ஆட்கள், "எல்லப்பன் கீறான்ல, வந்துருவான்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்து நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயம் ஏறியது. எங்கோ ஒரு மோட்டார் படகு ஓடுகிற சத்தம் வந்தது. கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா, உன் பக்கமா என்று சொல்ல முடியவில்லை.

நான் குண்டனை வாசித்தேன். வேறு என்ன செய்வேன், அதுதானே சூடாகி நின்றது. அதுதானே என் கட்சி. கீழ்க்கட்டையை அமுக்கி, ஆம்ப்ளிபயரைத் திருகுகிற அளவுக்குத் திருகி, கழி ஆடுகிற அளவுக்கு விட்டேன். மணல் அதிர்ந்தது. என் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது, அதனால் உனக்கும் கேட்கும் என்று நம்பினேன். உங்கம்மா தண்ணீர் ஓரமாக நடந்து பனிக்குள்ளே போனாள். திரும்பி வந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக் கட்டையிலிருந்து தூக்கினாள்.

"யோவ், நிறுத்துய்யா. அங்க போயி கேட்டுப் பாத்தேன். மோட்டார் போட்டு மாதிரியே கீது. இத்தக் கேட்டா போட்டு வருதுன்னு அவங்க வெலகி வெலகித்தான் போவாங்க. அந்த இன்னொண்ணப் போடு."

கண்ணு, உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன்னை விரட்டிக்கொண்டிருந்தேனோ என்னவோ. ஒயரைப் பிடுங்கி மாற்றினேன். கீச்சான் சூடாக வேண்டியதில்லை, போட்டதும் கத்தியது. ஆனால் ஒரே சத்தமாகக் கத்தினால் எது எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? கழிக்கு முட்டுக் கொடுத்த கருங்கல் சில்லு ஒன்று காலடியில் கிடந்தது. அதை எடுத்துக் கீழ்க்கட்டை மேல் வைத்தேன். அது தன்பாட்டுக்கு ஒலித்தது. ஒரு விரலால் மேல்கட்டையைத் தட்டினேன். தாவியது. விட்டேன், இறங்கியது. தாவியது, இறங்கியது. ஒருத்தன் கைதட்டிக் கூப்பிடுகிறமாதிரி, நான் இங்கே, நான் இங்கே என்று. பாட்டில்லை, ராகமில்லை. அந்த ஒரு விரல்தான் எனக்குத் தெரிந்த வித்தை. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஊரில் மூன்று மணி நேரம் என்று சொல்லியிருக்கிறேன். ஜெனரேட்டரில் எண்ணெய் தீரவில்லை, அதனால் அவ்வளவு இருக்காது. எனக்குத் தெரிந்தது, தட்டாமல் ஒரு மூச்சு நின்றால் நீ அந்த ஒரு மூச்சில் பாறைப் பக்கம் திரும்பிவிடுவாய் என்பது மட்டும்தான். மூக்கு அரித்தது, சொறியவில்லை.

அப்புறம் நீ கடலிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தாய். "நைனா, போதும் நிறுத்து, காது போவுது" என்றாய். எல்லப்பன் மரத்தை வடக்கே தள்ளி எங்கோ கரையேற்றிவிட்டு, இருவரும் மணலில் நடந்து வந்திருக்கிறீர்கள். துண்டைத் தலையில் முண்டாசு கட்டியிருந்தாய். எல்லப்பன் சிரித்துக்கொண்டே, "பனின்னா இன்னா அண்ணாத்த, அல எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் கரை. நீ இன்னாத்துக்கு இப்டி வேர்த்துகினு கீற?" என்றான். நான் உன்னைப் பார்த்து, "சட்டைய மாத்துடா, ஜன்னி வரும்" என்றேன். அதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கல்யாணத்துக்குக் கீச்சானைத்தான் போட்டேன், நீ கேட்காமலேயே. நீ ஆச்சரியமாகப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு இந்தக் கதையை நான் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும். பனி கதையில் புயலாகி, புயல் அடுத்த தடவை சுழற்காற்றாகி, கீச்சானின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நீ கயிற்றைப் பிடித்து ஏறுகிறவன் மாதிரி கரையேறியதாக முடியும். நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய் பல தடவை. ஒரு தடவைகூட ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதும் இல்லை. சிரிப்பாய், டீ கிளாஸைப் பார்ப்பாய். நானும் உன்னைக் கேட்டதில்லை. அன்றைக்கு உனக்கு எது கேட்டது? குண்டனா, கீச்சானா? இரண்டும் கேட்கவில்லையா? எல்லப்பன் சொல்கிறமாதிரி அலைதான் கொண்டுவந்து விட்டதா? கேட்க வேண்டியது ஒரு வரி. இத்தனை வாய் உள்ளவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. நான் கத்தியது உன் காதுக்கு வரவே இல்லை என்று நீ சொல்லிவிட்டால், அப்புறம் எதை நம்பி உன்னை வெளியே அனுப்புவேன்?

இப்போது நீ கட்டுமரத்தில் போகவில்லை, கப்பலில் போகிறாய். எனக்குக் கப்பலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பர்மா பஜார் வழியாகத் தெரிந்ததுதான். கப்பலில் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஏறினவுடனே கேட்டு வைத்துக்கொள். தளத்தில் ஓரக் கம்பியில் சாயாதே. அங்கே காய்ச்சல் வந்தால் யார் நெற்றியைத் தொடுவார்கள் என்று தெரியவில்லை, அதனால் யாரையாவது சீக்கிரம் சிநேகிதம் பிடி. வாசிப்பு முடிந்து எவனாவது கிளாஸை நீட்டினால், சுருதி சரிபார்க்க வேண்டும் என்று எழுந்து போ, குண்டன் பேரில் பழியைப் போடு, அது எப்போதும் சுருதி இல்லாமல்தான் இருக்கும். காகிதம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. நான் பெரிய ஆள் மகன் என்று யாரிடமும் சொல்லாதே, அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள், யாரும் நம்ப மாட்டார்கள். நீயாக நல்லவனாக இருந்தால் போதும்.

குண்டனை ஏன் கொடுக்கிறேன் என்றால், அது கிட்டே உட்கார்ந்திருப்பவர்களுக்கான பெட்டி. ஓட்டல் கூடத்தில் குழாய் இருக்காது, நல்ல ஸ்பீக்கர் இருக்கும், அங்கே அதன் அடித்தொண்டை முழுக்க வரும், கேட்கிறவன் கையில் கரண்டி அப்படியே நிற்கும். உன்னை ஒரே நாளில் பெரியவனாக்கும். அது கனம், தெரியும். சுருதி இறங்கும், தெரியும். வாசிப்பதற்கு வெகுநேரம் முன்னாலேயே ஸ்விட்ச் போட்டுவிடு. உப்புக்காற்று படாமல் உங்கம்மாவின் பழைய நூல் புடவையைச் சுற்றி வைத்திருக்கிறேன், சட்டைத்துணி சுற்றாதே, ஈரம் பிடிக்கும். ஈயப் பற்று வெடித்தால் பற்றவைக்கிற கோலும் ஈயமும் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இறங்கின சுருதியைப் பார்த்துக் கோபப்படாதே, திருகைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. என்னையும் இத்தனை வருஷம் அப்படித்தான் வைத்துக்கொண்டாய்.

கீச்சான் எனக்கு வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொல்லாமல் மாமல்லபுரம் போய் எல்லப்பனைப் பார்த்துவிட்டு வந்தேன். நாகப்பட்டினம் தொட்டுப் போகிற கப்பல் இந்தப் பக்கமாகத்தானே போகும் என்று கேட்டேன்.

"போவும் அண்ணாத்த. ஆனா ரொம்ப தூரம். சாயங்காலத்துல பொகதான் தெரியும்."

"கீச்சானைப் போட்டா கேக்குமா?"

கேலி செய்வான் என்று நினைத்தேன். "கப்பல்ல இஞ்சின் சத்தமே காத அடைக்கும் அண்ணாத்த. நீ போடு. நான் கழி நட்டுத் தரேன்" என்றான்.

ஆகவே இப்படி. நீ ஏறுகிற அன்று உங்கம்மாவைப் பட்டணத்துத் துறைமுகத்தில் உன்னோடு விட்டுவிட்டு நான் முன்னாலேயே பஸ் பிடித்துவிடுவேன். வழியனுப்ப இல்லையே என்று வருத்தப்படாதே, நான் வழியில்தான் இருப்பேன். வெயில் சாய்கிற நேரத்தில் கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே, நாம் குழாய் கட்டின அதே இடத்தில், அந்தக் கருங்கல் சில்லைக் கீழ்க்கட்டையில் வைத்துவிட்டு ஒரு விரலால் தட்டிக்கொண்டிருப்பேன். சில்லை அன்றைக்கே சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், உங்கம்மா அதை எடைக்கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். புகை மறைகிற வரைக்கும் தட்டுவேன். நீ மேற்குப் பக்கம் வந்து தளத்தில் நில். அந்த வெள்ளைத் துண்டைக் கையில் எடுத்து வா. அன்றைக்குத் தூக்கிக் காட்டாமல் விட்டாயே, அதை இப்போது தூக்கு. இரண்டு தடவை.

அவ்வளவு தூரத்தில் எனக்குத் துண்டு தெரியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பார்த்தேன் என்றுதான் செங்கல்பட்டு முழுக்கச் சொல்லப் போகிறேன், துண்டின் கரை நீலம் என்பதுவரை சொல்வேன். நீயும் பினாங்கில் இறங்கியதும் முதல் கடிதத்தில், கேட்டது நைனா என்று எழுது. கேட்காவிட்டாலும் எழுது. வெறுமனே எழுதாதே, கப்பலில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று கேட்டார்கள் என்று கொஞ்சம் கூட்டியே எழுது.

நான் நம்பிக்கொள்கிறேன்.

உன் நைனா